தேயிலைக்குள் நின்ற குட்டிக்குதிரை

நுவரெலியாவிலிருந்து வந்த லொறியின் பின்கதவைத் திறந்து அரைமணி நேரமாகியும் குட்டி இறங்கவில்லை. ஒரு வயதுகூட நிரம்பாத மட்டக்குதிரை. மண்ணிறம், நெற்றியில் மட்டும் தேங்காய்ப்பூ தூவியதுபோலக் கொஞ்சம் வெள்ளை. மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. காவற்காரர் மேலே ஏறிக் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவருடைய முழங்கையைக் கடித்துவிட்டு, அது தானாகவே குதித்து இறங்கியது.

தெமோதரைக்கு மேலே இருந்த பழைய துரை பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, வெளியூர்க் குடும்பங்கள் வந்து தங்கும் விடுதியாக நடத்திக்கொண்டிருந்தார் எங்கள் முதலாளி. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். வருகிற பிள்ளைகள் ஏறிச் சுற்ற ஒரு குதிரை இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் அங்கே அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அதற்கு முன் பத்து வருடம் கீழேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். எனக்குக் கை மெதுவு. கங்காணியிடம் வாங்கிய ஏச்செல்லாம் அதற்காகத்தான். பங்களாவிலும் ஓர் அறையைக் கூட்டித் துடைக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுப்பேன்.

இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று காவற்காரர் சொல்லிவிட்டார். முதலாளி எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீங்க புல்லு மட்டும் போடுங்க. நான் வேற ஆள் பாக்கிறன்."

வேறு ஆள் வரவேயில்லை.

பழைய கார்க் கொட்டகைதான் அதற்கு இடம். முன்னால் வேலி போட்ட சின்ன முற்றம். நான் புல்லைப் போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருவேன். நேராகப் பார்த்தால் குட்டி பின்வாங்கியது. அதனால் மலையைப் பார்த்தபடி இருந்தேன். கீழே பனி மெல்ல மெல்ல ஏறிவரும். தொழிலாளர் லயத்துக் கூரைகள் மறையும், பிறகு கோயில் மறையும், பிறகு வேலியும் மறையும். எங்கோ அடியில் ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வெள்ளைக்குள் நானும் ஒரு குதிரையும் மட்டும் இருப்போம். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னைச் சும்மா உட்கார விட்டதில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பிடரியில் சூடான மூச்சு பட்டு விழிப்பு வந்தது. நான் அசையவில்லை. என் தலைத்துண்டின் நுனியை அது மென்றுகொண்டிருந்தது. அந்த ஈரமும் புல் வாசமும் என்னைச் சுற்றி நின்றன. கனவா என்று யோசித்தேன். துண்டு முழுவதையும் இழுத்துக்கொண்டு அது ஓடியபோதுதான் உண்மை என்று நம்பினேன்.

அதன்பிறகு தொட ஆரம்பித்தேன். முதலில் விரல்களின் பின்புறத்தால் தோளில். மறுநாள் கழுத்தில். ஒவ்வொரு நாளும் ஒரு சாண் தூரம். காதுகளுக்குப் போய்ச்சேர இரண்டு மாதமானது. முதலாளி கடையிலிருந்து கொண்டுவந்த நூல்துணித் துண்டுகளை முறுக்கி மெத்தென்ற தலைக்கயிறு ஒன்று செய்தேன். அதை மாட்டி, இழுக்காமல், நான் ஒரு எட்டு வைத்தால் அதுவும் ஒரு எட்டு வைக்கும்வரை காத்திருந்தேன். குளம்பைத் தூக்கி என் கையில் வைத்தபோது அது பெருமூச்சு விட்டது. நானும்தான்.

பதுளையிலிருந்து ஊசி போட வந்த மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண். குட்டியின் முதுகைத் தடவிப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் முதலாளியிடம் சொன்னார்: "இது சின்னப் பிள்ளை. மூணு வயசு முடியணும். அதுக்கு முந்தி முதுகுல ஒண்ணும் வேணாம்."

முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை நெருங்கியது. ஒரு சனிக்கிழமை காலை, அவர் சின்னச் சேணம் ஒன்றோடு வந்து நின்றார்.

"சும்மா வச்சுத்தான் பாப்பமே, தங்கச்சி."

"வேணாங்க மொதலாளி. டாக்டரம்மா சொன்னாங்களே. இன்னைக்குப் பயந்துச்சுன்னா பெறகு யாரையும் நம்பாதுங்க."

அவர் கேட்கவில்லை. சேணத்தைத் தூக்கி முதுகில் போட்டார். தொங்கிய இரும்பு வளையம் குட்டியின் காலில் பட்டது. ஒரே துள்ளல். சேணம் மண்ணில் விழுந்தது. வேலிக் கதவை இடித்துத் திறந்துகொண்டு குட்டி தேயிலைக்குள் பாய்ந்தது. தலைக்கயிறு பின்னால் இழுபட்டுப் போனது.

பனி அன்று கனமாக இருந்தது. நான் ஓடாமல் இறங்கினேன். கீழ் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், நிரைகளுக்கு நடுவே நிழல்களாகத் தெரிந்தார்கள். அவர்களுக்கு நடுவில் குட்டி விறைத்துப்போய் நின்றது. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்குகள் காற்றில் படபடத்தன. ஒவ்வொரு படபடப்புக்கும் அதன் தோல் சிலிர்த்தது. அதன் பின்னால் மழைநீர் ஓடும் ஆழமான கான்.

என்னை ஏசிய அதே கங்காணி தடியோடு வந்துகொண்டிருந்தார். "சுத்தி வளைங்க, புடிச்சுறலாம்" என்றார்.

"அண்ணே, வேணாங்க. மெரண்டுச்சுன்னா கானுக்குள்ள விழுந்து காலை ஒடிச்சுக்கும். எல்லாரும் அப்படியே நில்லுங்க. படங்கைக் கையில சுருட்டிப் புடிச்சுக்கங்க."

என் குரலை அவர்கள் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. பெண்கள் நின்றார்கள். கங்காணியும் தடியைக் கீழே போட்டார். கொழுந்துகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது.

நான் குட்டியிடம் போகவில்லை. அது பார்க்கும் தூரம்வரை போய், திரும்பி, பங்களாவை நோக்கி மெதுவாக நடந்தேன். பத்து எட்டு வைத்தேன். பின்னால் ஒன்றுமில்லை. திரும்பிப் பார்க்க நினைத்தேன், பார்க்கவில்லை. இருபது எட்டு இருக்கும், ஈர மண்ணில் குளம்பு வைக்கும் சத்தம் வந்தது. பிறகு என் தோளுக்குப் பக்கத்தில் அந்த மூச்சு.

வேலிக் கதவருகே முதலாளி நின்றார். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. வேறு பக்கமாகக் கான் வரைக்கும் அவரும் இறங்கிப் பார்த்திருக்கிறார்.

"என்ட பிழை, தங்கச்சி" என்றார். சேணத்தைத் தானே எடுத்துப்போய் ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டினார்.

அதன்பிறகு அவர் அவசரப்படவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து வந்தால், தலைக்கயிற்றை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நடப்பார். கடையில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டு போவது எனக்குக் கேட்கும். அது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்கும்.

குட்டிக்கு நான்கு வயதானபோதுதான் முதன்முதலாக ஒரு பிள்ளையை ஏற்றினோம். கொழும்பிலிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுமி. முதலாளி அவள் காலைப் பிடித்துக்கொண்டார். நான் கயிற்றைப் பிடித்தேன். தைல வாசம் வீசும் உயரமான கருப்பந்தைல மரங்களுக்குக் கீழே போனோம். வளைவு வரைக்கும் போனபோது தூறல் விழுந்தது. "மழை எங்கேயிருந்து வருது?" என்று அவள் குதிரையிடம் கேட்டாள். அது நின்று, பாதையோரப் புல்லை ஒரு வாய் கடித்துக்கொண்டது. அது மென்று முடிக்கும்வரை நாங்கள் மூவரும் நனைந்துகொண்டு நின்றோம்.