பத்துச்சீட்டு வாங்காமல்

பங்குக் கணக்கை ஒரு தரகரிடமிருந்து இன்னொரு தரகருக்கு மாற்றுவது பெரிய வேலையில்லை. புதியவரிடம் கணக்குத் திறக்க வேண்டும். பழையவரிடம் பாக்கி இருந்தால் தீர்க்க வேண்டும். மாற்றுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். எத்தனை கம்பனிப் பங்குகளோ, அத்தனைக்கும் தனித்தனியே சிறு கட்டணம். புதிய நிறுவனம் அதையும் தானே கட்டுவதாகச் சொன்னது. தரகுக் கூலியும் குறைவு, எல்லாம் கைத்தொலைபேசியிலேயே. எனக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்றுதான் இடித்தது. பழைய நிறுவனத்துக்குப் பதுளையில் முகவராக இருப்பவர், கடைவீதித் துணிக்கடை மாடியில் உட்கார்ந்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு ‘நானா’. அம்மா தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேவைக்காலப் பணத்தை என்ன செய்வதென்று நாங்கள் முழித்தபோது, பங்கு என்றால் என்ன, நட்டம் வந்தால் என்ன என்று அலுக்காமல் சொல்லித் தந்தவர். அவர் முகத்தைப் பார்த்து ‘போகிறேன்’ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. படிவத்தைக் கொழும்புக்கே தபாலில் அனுப்பிவிட்டால் அவருக்குத் தானாகத் தெரியவரும் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிக் கட்டுரை எழுதக் கொடுக்கும் டீச்சர் நான்.

கூட்டுக் கணக்கு என்பதால் அம்மாவின் கையெழுத்தும் தேவைப்பட்டது. பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா இருக்கும் லய வீட்டுக்குப் போனேன். அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

“நானாகிட்ட பத்துச்சீட்டு வாங்கிட்டியா?”

அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகிறவர்கள் பழைய தோட்டத்தின் மேலாளரான துரையிடம் வாங்க வேண்டிய விடுவிப்புச் சீட்டு அது. அது இல்லாமல் போனால் ஓடிப்போனவர்கள் என்று பெயர். பங்குச் சந்தைக்கும் துரைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விளக்க உட்கார்ந்தால் பஸ் போய்விடும்.

“எல்லாம் சொல்லிட்டேம்மா” என்றேன்.

அடுத்த கிளினிக் நாளில் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மா, என்னிடம் சொல்லாமலே, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நானாவின் மாடிப்படி ஏறியிருக்கிறாள். பிறகு ஹாலிஎலையில் என் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் செருப்பைக் கழற்றினாள்.

“நானும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துட்டேன். பாக்கி கீக்கி இருந்தா சொல்லுங்கன்னேன். ஒண்ணுமில்லன்னுட்டாரு.”

“வேற என்ன சொன்னாரு?”

“டீச்சர் நேர்லயே வந்து சொன்னாங்க, இருந்து டீ குடிச்சிட்டுத்தான் போனாங்கன்னாரு. எனக்கு அதுதான் சந்தோசம்.”

நான் வரவே இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அம்மா முன்னால் கூனிக்குறுகியிருப்பேன். சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், இதைத் தாங்க முடியவில்லை. அன்று சோறு இறங்கவில்லை. கறியில் உப்புக் கூடிவிட்டதா என்று அம்மா கேட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும், தபாலில் சேர்க்காமல் வைத்திருந்த படிவத்தோடு பதுளைக்கு பஸ் ஏறினேன். நானாவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையசைத்து நிறுத்தினார். படிவத்தை வாங்கிப் பார்த்து, நான் கையெழுத்திட மறந்த இடத்தைக் காட்டினார். பிறகு கீழே குரல் கொடுத்து பால் இல்லாத பிளேன்டி இரண்டு வரவழைத்தார்.

“எனக்கு வேணாம் நானா” என்றேன்.

“குடிங்க டீச்சர்” என்றார். “உங்கட அம்மாகிட்ட நான் பொய் சொன்னதா ஆகிடக் கூடாது.”