லிம் மாமாவுக்காக அடித்த மொட்டை

சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சீனர்கள் முன்னோருக்குத் தாள் எரிக்கிறார்கள். அந்தப் புகை வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் சிறுவயதில், செம்பவாங்கில் எதிர்வீட்டுச் சீனரான லிம் மாமா இறந்தபோது அவருக்குச் சொந்தமென்று யாருமில்லை. கப்பல் பட்டறையில் அவரோடு வேலை பார்த்த அப்பா, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு வந்து நின்றார். அம்மா பதறிவிட்டாள்.

“பெத்த அப்பனுக்கு அடிக்கிற மொட்டைங்க இது. அவரு நமக்கு யாரு?”

“எல்லா உயிருலயும் ஒரே சாமின்னு தினமும் கும்பிடுறோம்ல. அவருக்குள்ள மட்டும் வேற சாமியா?”

அப்பா சீன வழக்கப்படி தாள் எரித்து முடித்ததும், பிண்டத்துக்கு அம்மாவே சோறு வடித்துக் கொடுத்தாள்.

நேற்று என் எதிர்வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அங்கே இருப்பவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. காலையிலிருந்து வாசல்வரை போவதும் திரும்புவதுமாக இருந்தேன். இப்போது கதவைத் தட்டிவிட்டேன். உள்ளே யாரோ மெதுவாக நடந்து வருகிறார்கள்.