தம்பலகாமத்து மேகம்

நேற்று மகள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். நிலாவெளிக்கு மேலே, இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை, சுருட்டி வைத்த பாய்போல ஒரு கரிய மேகம். உலகம் அழியப்போகிறது என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அது தட்டு மேகம். எங்கோ மழை கொட்டும்போது மேலேயிருக்கும் குளிர்காற்றும் கூடவே தொப்பென்று விழுந்து நிலத்தோடு பரவி ஓடும். போகிற வழியில் சூடான ஈரக்காற்றுக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். மேலே போனது குளிர்ந்து நீளமாய்த் திரண்டு நிற்கும். பார்க்க வடிவுதான், ஆனால் அது தலைக்கு மேலே வரும்போது பேய்க்காற்றும் கூடவே வரும்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்பீர்கள். கலியாணத்துக்கு முன்பு நான் திருகோணமலையில் வானிலை அவதானிப்பாளர். நேரத்துக்கு நேரம் வெளியே வந்து, வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கு மேகம், என்ன வகை மேகம் என்று கொழும்புக்குச் சொல்லவேண்டும். இறக்கக்கண்டியில் மீன்பிடித்த என் அப்பாவுக்கு அது ஒரு உத்தியோகமாகவே படவில்லை. "அண்ணாந்து பாக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று கரையில் எல்லாருக்கும் முன்னால் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சித்திரை மாதப் பின்னேரம் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்குகிறேன், தென்மேற்கே, தம்பலகாம வயல்களுக்கு மேலே, அந்தத் தட்டு! கரைக்கு ஓடினேன். அப்பாவும் கூட்டாளிகளும் வலையேற்றி வள்ளத்தைத் தள்ள ஆயத்தமாய் நின்றார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது: காற்றையும் மழையையும் கடலில்தான் தேடுவார்கள், முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"போகாதேங்கோ அப்பா, பெருங்காத்து வருது."

"கடலைப் பார் பிள்ளை, எண்ணெய் மாதிரிக் கிடக்கு. தம்பலகாமத்து மழை வயலுக்குத்தான்."

கூட்டாளிகள் சிரித்தார்கள். கோபமும் பயமும் ஒன்றாய் வந்ததில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கந்தோர் வேலைக்குக் கட்டிய சேலையோடு வள்ளத்துக்குள் ஏறி வலைமேல் குந்திவிட்டேன். "அப்ப என்னையும் கொண்டு போங்கோ!"

"இறங்கடி, ஊர் சிரிக்கப்போகுது!" அப்பா தலையிலடித்துக்கொண்டார்.

"ஏலாது" என்றேன்.

ஏசினார், கெஞ்சினார். நான் அசையவில்லை. இந்த இழுபறிக்குள் வெயில் மறைந்தது. மேகம் எங்கள் தலைக்கு மேலே வந்ததும் வலை வைக்கும் வாடிக் குடிசையின் கூரை பிய்த்துக்கொண்டு பறந்தது. எண்ணெயாய்க் கிடந்த கடல் வெள்ளையாய்க் கொதித்தது. நான் குதித்து இறங்க, அப்பா கூட்டாளிகளோடு சேர்ந்து வள்ளத்தை மேலே இழுத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அன்று எனக்கு வந்த பெருமை இன்றைக்கும் குறையவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அப்பா போவோர் வருவோரையெல்லாம் மறித்து, "என்ர மகள் மேகம் படிச்சவள்" என்றார். அதற்குப் பிறகு வள்ளம் தள்ளுமுன் கடலுக்கு முதுகைக் காட்டி ஒருதரம் நிலப்பக்கம் பார்ப்பார்.

என்னுடைய அந்த வேலையை இப்போது இயந்திரம் செய்கிறதாம். மழை வருமா என்று ஆளாளுக்குக் கைப்பேசி சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அத்தனை ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, சாரத்தை மடித்துக் கட்டியபடி என்னிடம் வந்து, "பிள்ளை, போகலாமோ?" என்று கேட்க அப்பா இல்லை.