நான்கு மணி வரை தாங்கிய பேட்டரி

வெலிமடையில் விதைக்கிழங்கு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்காக நின்றபோது செய்தி வந்தது. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் மேட்டு லயத்து இராமாயி அக்கா காலமாகிவிட்டார். பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பராமரித்தவர் என்று மரண அறிவித்தலில் போட்டிருக்கிறார்கள். உண்மைதான், ஆனால் போதாது. எங்கள் லயத்துக் கணினியைக் காப்பாற்றியவர் அவர். அதை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. நான் எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஓய்வுபெற்ற பிறகு, என்னைப் போலவே ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு, கணினியை இயக்கும் லினக்ஸைக் கற்றார். கட்டளைகளை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார்.

லயத்தில் அப்போது மின்சாரம் இல்லை. நன்கொடையாக வந்த மடிக்கணினி பிள்ளைமடுவத்தில் லொறி பேட்டரியில் ஓடியது. பள்ளத்து நூலகத்திலிருந்து வரும் இணையத்தை ஜன்னலில் தொங்கிய யூ.எஸ்.பி. வயர்லெஸ் அடாப்டர் பிடித்தது. பேட்டரியோ நேரத்துக்கு முன்பே இறங்கிவிடும். கணினியைத் தந்த அமைப்பின் அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர், ஒருநாள் சொன்னார்: "இது தோட்டத்துக்குச் சரிவராது. ஞாயிறு எட்டு மணியிலயிருந்து நாலு மணி மட்டும் ஓடிக் காட்டுங்கோ. இல்லாட்டி பதுளைக்குக் கொண்டு போறன்."

திரையை மங்கலாக்கினோம். மூன்று மணி வரை வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும். அக்கா அடாப்டரைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரும் ஒண்ணும் கேக்கல. அப்புறம் ஏன் இது கொதிக்குது?"

"தகவல் வருமான்னு காத்துக்கிட்டு இருக்குக்கா."

"பெரட்டுல நிக்கிற மாதிரியா? பேரு கூப்பிடுற வரைக்கும் குந்தியிருந்தா என்னவாம்?"

விடியலில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கால்கடுக்க நின்றவர்களுக்கு மட்டுமே தோன்றும் கேள்வி அது. நான் என் பிடிவாதத்தில் யூ.எஸ்.பி. இணைப்புகள் முழுவதையும் உறங்க வைத்தேன். மவுஸ் அசையவில்லை. அடாப்டர் உறங்கியது, எழவே இல்லை.

அக்கா சிரித்தார். "ஆள வீட்டுக்கே அனுப்பிட்டியே தம்பி! களத்துலயே குந்த வைக்கணும்யா."

கையேட்டைப் புரட்டி, வயர்லெஸ் மின்சேமிப்பை இயக்கும் ஒற்றை வரியை அவரே கண்டுபிடித்தார். அதன்பின் அடாப்டர் கண்ணயர்ந்திருக்கும். இணையத்தை அனுப்பும் நூலகத்துக் கருவி நொடிக்குப் பலமுறை பெயர் கூப்பிடும். அதைக் காதில் வாங்கி, தன் பெயர் வந்தால் மட்டும் முழுதாக விழித்து, தகவலை வாங்கிக்கொண்டு மறுபடி கண்ணயரும்.

ஞாயிறன்று லயமே வந்து நின்றது. மூன்று மணி தாண்டியது. நான்கும் அடித்தது. திரை அணையவில்லை. அதிகாரி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பாக்கணுமாங்க? டீ ஊத்தட்டுமா?" என்றார் அக்கா. லயம் அதிரச் சிரித்தது. அதிகாரி வெறுங்கையோடுதான் மலையிறங்கினார்.

பின்னால் வந்த அந்த அமைப்பின் அறிக்கையில் 'நகரத்துத் தொழில்நுட்ப உதவியுடன்' என்று எழுதினார்கள். பொய். மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. நாலாவதும் போடுவேன்.

அடக்கத்துக்குப் போனபோது பிள்ளைமடுவத்தை எட்டிப் பார்த்தேன். கணினி இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஜன்னலில் அந்த அடாப்டரின் பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னியது. தொட்டேன். சுடவில்லை.

அக்கா, இனி எந்தப் பெரட்டிலும் உங்கள் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் ஜெயித்தது ஜெயித்ததுதான்.