மைத்துனன் கொடுத்த போன்

பள்ளி வேன் ஓட்டும் அவர், எதிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார். போனிலும் அப்படித்தான். ஞாயிறுதோறும் அப்டேட் வந்திருக்கிறதா என்று தேடுவார். 'புதிதாக ஒன்றுமில்லை' என்று திரை சொல்லும். நிம்மதியாக மூடிவைப்பார்.

போன் கடை வைத்திருக்கும் மைத்துனன் கொடுத்த போன் அது. "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க மாமா. உங்களுக்குப் போய் மட்டமானதைக் குடுப்பேனா?" என்றான்.

ஒரு திங்கட்கிழமை காலை, வேன் நின்ற முதல் வீட்டில் பிள்ளை வரவில்லை. அடுத்த வீட்டுத் தாய், மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள். வெள்ளிக்கிழமை வரை அண்ணே என்று அழைத்தவள்.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரில் பார்க்கக் கூசும் படங்கள் போயிருந்தன. அவர் அனுப்பவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? மைத்துனன் வெளியூர் போயிருந்ததால், போனை வேறொரு கடைக்கு எடுத்துப்போனார்.

பழுது பார்க்கும் பெண் வெகுநேரம் நோண்டினாள். "யாரோ உள்ள புகுந்து உங்க பேர்ல அனுப்பியிருக்காங்க. பழைய ஓட்டைதான் சார். மத்த போன்லல்லாம் அப்டேட் அனுப்பி எப்பவோ அடைச்சாச்சு."

"நான் வாராவாரம் பார்ப்பேனேம்மா. புதுசா ஒண்ணுமில்லன்னுதான் வரும்."

"கம்பெனி அனுப்பினாத்தானே வரும்? மாசாமாசம் வரவேண்டியது. இந்த மாடலுக்கு நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. கடைக்காரங்க எல்லாருக்கும் தெரியும்."

போன் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மைத்துனன் திரும்பிய அன்றே கடைக்குப் போனார். "தெரிஞ்சுதான் குடுத்தியா?"

அவன் கல்லாவைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "சரக்கு தேங்கிப்போச்சு மாமா. வெளியாள் நோண்டி நோண்டிக் கேப்பான். நீங்க கேக்கமாட்டீங்க."

அவர் படியிறங்கிப் போனார்.

போனைப் பழுது பார்த்த பெண் பள்ளிக்கே வந்து விளக்கிச் சொன்னாள். பாதிப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். முதுகுக்குப் பின்னால் மகளை மறைத்தவள் மட்டும் வேறு வேனில் சேர்த்துவிட்டாள். தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"அவன் என் தம்பிங்க. ஏதோ புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டான்" என்றாள் மனைவி.

"போன்ல புகுந்த திருடனை மன்னிச்சாலும் மன்னிச்சிடுவேன். அவனுக்கு நான் யாரோ. உன் தம்பிக்கு அப்படியா?" என்று சொல்லிவிட்டு, அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.