இடது காதுக்கு ஒரு கடல்

ஒருநாள் காலையில் எழும்பியபோது என் இடது காது வேலைக்கு வரவில்லை. தண்ணீர் போயிருக்கும் என்று ஒற்றைக்காலில் துள்ளிப் பார்த்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில், திடீரென்று காது கேட்காவிட்டால் அன்றைக்கே வரவேண்டும் என்று டொக்டர் ஏசியதை வலது காதால் கேட்டுக்கொண்டேன். மாத்திரைகளால் பாதிக் காது திரும்பியது. கூடவே ஒரு கூவலும் வந்து குடியேறியது. கேத்தில் கொதிக்கிற சத்தம். ஆனால் தேத்தண்ணி வராது.

அதோடு வாசிப்புப் போயிற்று. பின்னேரத்தில் கதிரையைப் போட்டுப் புத்தகத்தோடு இருப்பதைத் தவிர எனக்கு வேறு திறமை கிடையாது. இப்போது ஒரே வரியை நாலு தரம் வாசித்தேன். கதாநாயகி கதவைத் திறந்தபடியே நின்றாள்.

ஆஸ்பத்திரியில் காதைப் பரிசோதித்த பெண் பிள்ளை, அமைதியைத் தேட வேண்டாம் என்றார். போனில் ஏதாவது ஒரு மெல்லிய சத்தத்தை ஓடவிட வேண்டும். அது கூவலை மூடக்கூடாது, கொஞ்சம் தாழ்ந்தே இருக்கவேண்டும். போகப்போக இரண்டுமே மூளைக்கு அலுத்துவிடுமாம்.

"ஆனா சேர், அந்தச் சத்தத்தைக் கவனிச்சுக் கேக்கப்படாது."

முதலில் மழையைப் போட்டேன். அளவு தெரியாமல் கொஞ்சம் கூட்டிவிட்டேன். குசினியில் நின்ற மனைவி முற்றத்துக்கு ஓடி, காயப்போட்டிருந்த கருவாட்டைப் பாயோடு இழுத்துக்கொண்டு வந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது.

"இஞ்சேருங்கோ, மழையை நிப்பாட்டுறீங்களோ, நான் போனை வெயிலில காயப்போடவோ?"

அடுத்தது கடல். இரண்டு நாள் நன்றாகத்தான் அடித்தது. மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்க வந்தார் மனைவியின் அண்ணன். ஓலைத்தொடுவாய்க் கரையில் வலை போடுகிறவர். கோப்பையைக் கையில் வைத்தபடி போனையே பார்த்தார்.

"மச்சான், இது எங்கட கடல் இல்லை. இது கல்லில அடிக்குது. இதில வலையைப் போட்டா வலைதான் கிழியும்."

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அலையிலும் எனக்குக் கல் கேட்டது. கவனிக்கக்கூடாத கடலைக் கப்பல் மாலுமிபோலக் கவனித்துக்கொண்டிருந்தேன். கதாநாயகி இன்னும் வாசலில்தான்.

என் நிலைமையைச் சொன்னதும் மச்சானுக்கு, பிறத்தியார் கடலென்றாலும் தன் தங்கை வீட்டுக் கடலைக் கெடுத்த குற்றம் உறுத்தியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார். ஈர மணலில் குந்தியிருந்து என் போனை நீட்டிப் பிடித்தார். பேசக்கூடாது என்று எனக்குக் கட்டளை. பாதியில் அவரே பேசினார்.

"மச்சான், பதியுதோ?"

"ஓம்."

அந்தப் பதிவுதான் இப்போது என் மருந்து. மணலில் அவசரமில்லாமல் ஏறி இறங்குகிற கடல். திரும்பத் திரும்ப ஓடுவதால் மச்சானும் திரும்பத் திரும்பக் கேட்பார். முதல் கிழமை முழுக்க அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஒன்றிரண்டு தடவை பதிலும் சொன்னதாக மனைவி சொல்கிறாள்.

போன வியாழன் பின்னேரம் நிமிர்ந்து பார்த்தால், கதாநாயகி உள்ளே போய், கல்யாணம் முடித்து, அதற்காகக் கவலைப்படவும் தொடங்கியிருந்தாள். மச்சான் எத்தனை தரம் கேட்டாரோ, ஒன்றும் காதில் விழவில்லை. கூவல்? நினைத்த உடனே வந்துவிட்டது, பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

இருக்கட்டும் என்று பக்கத்தைத் திருப்பினேன்.