இருட்டில் நகல் எடுத்த பாசி

பாட்டில் அக்காவுக்கு அன்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பதினோரு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவி, பாசி வளர்ப்பவள்; அந்தப் பட்டப்பெயரும் அதனால்தான். இருட்டறைச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கும். அந்தப் பெருமையை அவள் ஒளித்ததும் இல்லை.

விஷயத்தை அவள் தன் போக்கில் புரிந்து வைத்திருந்தாள். மரபணு என்பது மூலப்பத்திரம். வெளிச்சம் பட்டால் பாசி அதில் வேண்டிய பக்கங்களை ஆர்.என்.ஏ. என்று நகல் எடுக்கும். இருட்டில் வைத்தால் அந்தப் பக்கங்களைத் தொடாது. ஆனால் மூன்று நாள் இருட்டில் கிடந்த பாசியில் அதே நகல்கள் குவிந்திருந்தன, இரண்டாவது தடவையாக.

"அக்கா, நடுவுல கதவத் திறந்தீங்களா?" என்று கேட்டாள் ஆராய்ச்சி மாணவி. அவளுக்கு ஒரு வருட உழைப்பு பாழ்.

"இல்லம்மா. சாவி என் கழுத்த விட்டு இறங்கவே இல்ல."

"அதான் பிரச்சனையே," என்றார் பேராசிரியர். "வேற யார்கிட்டயும் சாவி இல்ல. சாயங்காலம் குடுத்துடுங்க. இனிமே கழுவுற வேலை மட்டும் பாருங்க."

அவளுக்கு அழுகை முட்டியது. மதியம் கணவனிடம் போனில் சொன்னாள். "தூக்கத்துல பஸ் ஏறிப் போய்த் திறந்திருப்பியோ?" என்றான் அந்த மகராசன். வெறும் கேலிதான். இவளோ, அந்த நேரத்தில் பஸ் உண்டா என்று யோசித்துப் பார்த்தாள். பாவம், தன்மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவு ஆட்டம் கண்டிருந்தது.

கடைசியில் இருட்டறைக்குள் போய், உள்ளே பூட்டிக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். முதலில் தன் கையே தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்துக் குடுவையின் விளிம்பு தெரிந்தது, சிவப்பாக.

குடுவைகளை ஆட்டும் மெஷினில் கடுகளவு சிவப்பு விளக்கு. அதன்மேல் முன்பு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அழுக்கேறி அசிங்கமாக இருக்கிறதே என்று போன மாதம் அதை உரித்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியவள் அவளேதான்.

பேராசிரியரையும் மாணவியையும் கூட்டி வந்து, கதவைப் பூட்டிக் காத்திருக்க வைத்தாள்.

"இவ்ளோ வெளிச்சம் போதுமா சார்?" மாணவியின் குரல்.

"பக்கத்துலயே மூணு நாள் எரிஞ்சிருக்கு. பாசிக்குப் போதும்."

"கதவ நான் திறக்கல சார்," என்றாள் அக்கா. "டேப்ப நான்தான் உரிச்சேன். அப்ப காலையில நான் சொன்னது உண்மையா, பொய்யா?"

அந்த இருட்டிலேயே சாவியைக் கழற்றி நீட்டினாள். வாங்க எந்தக் கையும் வரவில்லை. தெரியவில்லையா, வேண்டாம் என்கிறார்களா என்று அவளுக்கு விளங்கவில்லை.

பிறகு ஒரு சின்னக் கை துழாவி வந்து, அவள் விரல்களைச் சாவியின்மேல் மடக்கியது.

"கதவத் திறங்க அக்கா," என்றாள் மாணவி. "போய் டேப் எடுத்துட்டு வரேன்."